கென்யா ஏஏ காப்பிக்கொட்டை: பாலோடு நாலு மார்க், பாலில்லாமல் ஒன்பது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பித்தளை ஃபில்டரில் திக்காக டிகாஷன் இறக்கி, பாலைச் சுண்டக் காய்ச்சி ஊற்றி, நுரை பொங்க ஆற்றிக் குடிப்பவர்கள் இந்தக் கொட்டைக்குக் காசு கொடுக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் முதல் டம்ளரைக் கையில் வாங்கினார். ஒரு வாய் உறிஞ்சினார். "பால் திரிஞ்சு போச்சா?" என்றார். பால் நன்றாகத்தான் இருந்தது. அவர் தன் பழைய பீபெரி-சிக்கரிக்கே திரும்பிவிட்டார். பீபெரி என்றால் பழத்துக்குள் ஒற்றையாக உருண்டு விளைகிற கொட்டை. பாலோடு நான் போடும் மார்க் பத்துக்கு நாலு. அதுவும் கொண்டுவந்த பையன் முகத்துக்காக.

பையன் என்றால் தங்கை மகன். நைரோபியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். மே மாத லீவுக்குச் சேலம் வந்தபோது பெட்டிக்குள் துணிக்கு நடுவே இரண்டு பாக்கெட், ஒவ்வொன்றும் அரைக் கிலோ. வறுத்த முழுக்கொட்டை, மிதமான வறுவல். மேலே கென்யா ஏஏ என்ற தரம், கியாம்பு என்று விளைந்த ஊர், வறுத்த தேதி எல்லாம் அச்சடித்திருந்தது. விலைச் சீட்டை மட்டும் கிழித்திருந்தான். "அதைப் பார்த்தா நீங்க குடிக்க மாட்டீங்க பெரியம்மா" என்றான். அதனால் விலைக்கு ஏற்ற சரக்கா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். காப்பியைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் உரிமை அதனால் வந்ததில்லை. அப்பா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பல்பர் மேஸ்திரி. பல்பர் என்றால் காப்பிப் பழத்தின் தோலை நீக்குகிற மிஷின். அம்மா அதே எஸ்டேட்டில் பழம் எடுத்தவர். டிசம்பர், ஜனவரியில் பல்பர் ஹவுஸின் புளித்த வாடை எங்கள் பள்ளி யூனிபாரம் வரைக்கும் ஏறிவிடும். இப்போது அஸ்தம்பட்டியில் வீடு, அம்மாவும் எங்களோடுதான். வயது 84. பல் போய்விட்டது, நாக்கு போகவில்லை.

அதனால் பாக்கெட்டைப் பிரித்ததும் அடுப்படிக்குப் போகாமல் முறத்தை எடுத்தோம். கொட்டையைப் பரப்பினால் பாதி கதை அங்கேயே தெரிந்துவிடும். எல்லாம் ஒரே அளவு. ஒரு பிடியில் உடைசல் இரண்டு, மூன்று இருந்தால் அதிகம். பீபெரி ஒன்றுகூட இல்லை. சல்லடையில் தனியாகப் பிரித்து அதை வேறு பெயரில் விற்கிறார்கள், நம் ஊரில் போலவே. ஏஏ என்றால் ருசியில் முதல் தரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அளவுதான். சுமார் 7 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் விழாமல் மேலே தங்குகிற கொட்டை ஏஏ. அதற்குச் சின்னது ஏபி. நம் ஊர்க் கொட்டைக்குப் பிளாண்டேஷன் ஏ என்று தரம் போடுவதும் இதே சங்கதிதான். பெரிய கொட்டை எல்லாம் நல்ல கொட்டை ஆகாது. ஆனால் ஒரே அளவாக இருந்தால் வறுவல் ஒரே சீராக ஏறும். அந்த லாபம் இதில் தெரிந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கொட்டையைத் திருப்பி, நடுக்கோட்டைப் பார்த்தார். கோடு வெள்ளையாக, நூல் பிடித்த மாதிரி இருந்தது. "கழுவின கொட்டை. நல்லாவே கழுவியிருக்காங்க" என்றார். பழத்தோடு அப்படியே காயப்போட்ட செர்ரியாக இருந்தால் வறுத்த பிறகு அந்தக் கோடு பழுப்பேறி இருக்கும். தோல் நீக்கி, கழுவி, உலர்த்திய கொட்டைக்குத்தான் வெள்ளைக் கோடு நிற்கும்.

அப்புறம் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். முதல் பாக்கெட்டை அரைக்க டவுனில் ஒரு மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எந்த மில் என்று சொல்லப்போவதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் சிக்கரி கலந்து அரைத்துக்கொண்டு போனார். மிஷினைத் துடையுங்கள், ஒரு பிடி கொட்டையைப் போட்டு ஓட்டிக் கீழே கொட்டிவிட்டு என்னுடையதை அரையுங்கள் என்றேன். சரிம்மா சரிம்மா என்றார்கள். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் வெல்லம் கருகின மாதிரி ஒரு வாசம். ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து மேலே அரை ஸ்பூன் பொடியைத் தூவினேன். காப்பிப் பொடி கொஞ்ச நேரம் மிதக்கும், தண்ணீர் நிறம் மாறாது. சிக்கரி உடனே இறங்கும், இறங்கும்போதே பின்னால் பழுப்பு நூல் விட்டுக்கொண்டு போகும். என் டம்ளரில் ஏழெட்டு நூல்கள் இறங்கின. ஆப்பிரிக்காவிலிருந்து சுத்தமாக வந்த கொட்டைக்கு அஸ்தம்பட்டி வரும் வழியில் கலப்படம். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "ஒரு துளி ஒட்டியிருக்கும், அதுல என்னம்மா இருக்கு" என்று பதில். வீட்டுக்காரர் குடித்துப் பால் திரிந்ததா என்று கேட்டது இந்தப் பொடியில் போட்ட காப்பியைத்தான். நியாயமாக இருக்க வேண்டும் என்று இரண்டாவது பாக்கெட்டிலும் ஒரு தடவை பாலூற்றிப் பார்த்தேன். நாலு மார்க் அதற்கும் சேர்த்துத்தான். சிக்கரி இல்லாவிட்டாலும் இந்தக் கொட்டையின் புளிப்பும் பாலும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

இரண்டாவது பாக்கெட் அம்மாவின் கைமிஷினில் அரைபட்டது. பரணில் கிடந்ததை இறக்கி, அரிசியைப் போட்டு ஒரு தடவை ஓட்டித் துடைத்து, மேஜை ஓரத்தில் திருகி மாட்டினேன். ரவை பதத்துக்கு அரைத்தால் போதும். பெரிய டம்ளர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் பொடி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, கொதிப்பு அடங்கிய பிறகு பொடியின் மேல் ஊற்றி மூடி, நாலு நிமிஷம் விட்டு மெல்லிய துணியில் வடிகட்டினேன். சர்க்கரை போடவில்லை. எங்கள் பக்கத்தில் கடுங்காப்பி என்று சொல்வதுதான். ஆனால் கருப்பட்டிக் கடுங்காப்பியை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தால் திடுக்கிடுவீர்கள்.

சூடாக முதல் வாய்க்குப் புளிப்பு. கெட்டுப்போன புளிப்பில்லை. நாவல்பழத்தைக் கடித்தால் நாக்கின் ஓரங்கள் சுருங்குமே, அந்த மாதிரி. கசப்பு பின்னால் மெல்ல வருகிறது, வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்தால் இனிப்பு ஏறுகிறது. இது எனக்கே ஆச்சரியம். நாம் குடிக்கிற காப்பி ஆறினால் கீழே கொட்டத்தான் லாயக்கு. இது ஆற ஆற நன்றாகிறது. அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பழம் எடுக்கையில ஒண்ணு ரெண்டு வாயில போட்டுச் சப்புவோமே கண்ணு, அந்த ருசி இருக்குது இதுல" என்றார். காப்பிப் பழத்தின் சதை இனிக்கும் என்பது எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்த இனிப்பு காப்பி டம்ளர் வரைக்கும் வந்து சேரும் என்பது 84 வயதில்தான் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பத்துக்கு ஒன்பது மார்க்.

எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. பையன் போன நவம்பரிலேயே கியாம்புவில் ஒரு எஸ்டேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடியோக்கள் அனுப்பியிருந்தான். நைரோபிக்குப் பக்கம்தான் அந்த ஊர்; காசு கட்டினால் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிற எஸ்டேட்டுகள் அங்கே உண்டு. அப்போது சும்மா பார்த்துவிட்டு விட்டிருந்தோம். இப்போது அம்மாவும் நானும் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.

முதல் வீடியோவிலேயே அம்மா கையைத் தூக்கிவிட்டார். நிழல் மரமே இல்லை. செம்மண்ணில் வரிசை வரிசையாகக் காப்பிச் செடி, மேலே திறந்த வானம். ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலையில் சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகுக் கொடி, நடுவே பலா, கமலா ஆரஞ்சு, இவற்றின் நிழலில்தான் காப்பி. நிழல் குறைந்தால் வெள்ளைத் தண்டு துளைப்பான் வந்து செடியையே சாய்த்துவிடும். அங்கே பெரிய எதிரி வேறு. காய் பச்சையாக இருக்கும்போதே கறுத்து அழுகுகிற ஒரு பூசண நோய். 1922இல் கென்யாவில்தான் அதை முதலில் கண்டார்கள். நல்லவேளை, இன்னும் ஆப்பிரிக்காவைத் தாண்டவில்லை. அதைத் தாங்குவதற்கென்றே ருயிரு 11 என்ற குட்டை ரகத்தை 1985இல் வெளியிட்டார்கள். ஆனால் கென்யாக் காப்பிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை அதற்கும் ரொம்ப முந்திய எஸ்எல் 28, எஸ்எல் 34. எஸ்எல் என்றால் ஸ்காட் லேபரட்டரீஸ். 1930களில் அங்கே தனித்தனி மரங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகங்கள். 28க்கு வறட்சி தாங்கும் குணம் உண்டு. நோய் தாங்கும் குணம்தான் இல்லை. இந்தப் புளிப்பில் அந்த ரகத்துக்கும் பங்கு உண்டு என்கிறார்கள், நானும் நம்புகிறேன். எங்கள் அப்பா காலத்து நம் ஊர் ரகம் எஸ் 795க்கு இப்படி ஒரு நாக்கு கிடையாது. அதன் குணம் சாந்தம், பாலோடு குடும்பம் நடத்தத் தெரிந்தது.

உயரத்தையும் சொல்ல வேண்டும். ஏற்காடு ஊர் சுமார் 1500 மீட்டர். நம்மிடம் ஏறக்குறைய மலை முடிகிற உயரம் அது. கென்யாவில் காப்பி பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நியேரிப் பக்கமெல்லாம் இன்னும் மேலே போகிறது. குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகும். இதில் நாம் போட்டி போட முடியாது, மலையை உயர்த்த முடியாதே.

ஆனால் மற்றது?

பழம் எடுப்பதைப் பாருங்கள். அங்கே கூலி டெபே கணக்கு. டெபே என்றால் மண்ணெண்ணெய் டின் மாதிரி 20 லிட்டர் தகரம். அம்மா கேட்டதும் சிரித்துவிட்டார்: "டப்பாவா?" ஆமாம், நம் டப்பாவேதான் கப்பலேறிப் போய் டெபே ஆகியிருக்கிறது. பழத்தைக் கொட்டி அளப்பதற்கு முன்னால் ஆளாளுக்குத் தன் பழத்தைத் தரையில் விரித்த தார்ப்பாயில் பரப்பி, பச்சை, செங்காய், கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி ஒதுக்க வேண்டும். வீடியோவில் ஒரு பாட்டி பொறுக்கும் வேகத்தைப் பார்த்து அம்மாவின் விரல்கள் தானாக ஆடின. எங்கள் எஸ்டேட்டிலும் பழம் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஆள் பற்றாத நாளில், கிலோக் கணக்கில் கூலி வாங்குகிற நாளில், கொப்பைப் பிடித்து ஒரே உருவு. பச்சையும் பழமும் சேர்ந்து சாக்கில் விழும். பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது என்று அம்மா கேட்பார். கேள்வி நியாயமானது, பச்சைக் காயின் துவர்ப்பு காப்பியில் இறங்குவதும் உண்மைதான்.

அடுத்து தொட்டி. இந்த வீடியோவை நான் பத்துத் தடவை பார்த்திருப்பேன். பல்பரில் தோல் நீங்கிய கொட்டை வழவழவென்று தொட்டியில் விழுகிறது. தண்ணீர் ஊற்றாமல் ஒன்றிரண்டு நாள் புளிக்க விடுகிறார்கள். பிறகு கழுவுகிறார்கள். நீளமான வாய்க்காலில் தண்ணீர் ஓட, மரப் பலகையால் கொட்டையை எதிர்த்துத் தள்ளுகிறார்கள். கனமானது அடியில் நிற்கிறது, சொத்தை மிதந்து போகிறது. அதோடு விட்டிருந்தால் எங்கள் பல்பர் ஹவுஸ்தான். ஆனால் கழுவிய கொட்டையை இன்னொரு தொட்டியில் போட்டு, சுத்தமான தண்ணீர் நிரப்பி, மறுபடி ஒரு நாள் போல ஊறவிடுகிறார்கள். அப்பா இருந்திருந்தால் அந்தத் தண்ணீரைப் பார்த்தே பெருமூச்சு விட்டிருப்பார். எங்கள் ஊற்று ஒரு கழுவலுக்கே திணறும்.

அப்பா புளிப்பு முடிந்ததா என்று பார்க்கிற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு லாந்தரோடு போவார். முழங்கை வரைக்கும் தொட்டியில் விட்டு ஒரு பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. ஆற்று மணலைத் தேய்த்த மாதிரி கரகரவென்றால் ஆயிற்று, ஆளை எழுப்பு. டிசம்பர்ப் பனியில் 24 மணியில் ஆக வேண்டியது 40 மணி ஆகும். கடிகாரத்தை நம்ப மாட்டார். ஒரு மணி நேரம் கூடினால் கொட்டையில் அழுகல் வாடை நிரந்தரமாக ஏறிவிடும் என்பார். கியாம்பு வீடியோவில் ஒரு பெரியவர் அதே மாதிரி குனிந்து, அள்ளி, தேய்த்து, தலையை ஆட்டினார். அவர் பேசிய மொழி எங்களுக்குத் தெரியாது. அந்தத் தலையாட்டல் மட்டும் அப்படியே எங்கள் அப்பா.

கடைசி வித்தியாசம் உலர்த்துவது, எனக்குக் கோபம் வருவதும் அங்கேதான். அங்கே களம் இல்லை. இடுப்பு உயரத்துக்குக் கால் நட்டு, மேலே கம்பி வலையும் துணியும் விரித்த நீண்ட மேடைகள். காற்று மேலேயும் கீழேயும் ஓடுகிறது. மெல்லியதாகப் பரப்பி, கையால் கிளறி, உடைந்ததையும் கறுத்ததையும் பொறுக்கிக்கொண்டே நடக்கிறார்கள். உச்சி வெயிலில் மூடிவிடுகிறார்கள், வேகமாகக் காய்ந்தால் மேல்தோல் வெடித்துவிடும். ராத்திரியும் மூடுகிறார்கள். எங்கள் எஸ்டேட்டில் சிமெண்டுக் களம். தூறல் விழுந்தால் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாயைப் போடுவோம், அடியில் ஓடுகிற ஈரம் பாதிக் குவியலை நனைத்துவிடும், அது மக்கிய வாடையோடு மறுபடி காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறென்ன செய்வது என்று எல்லாரும் சொல்வோம். பையனிடம் கேட்டேன்: அங்கே அறுவடை எப்போது? பெரிய அறுவடை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும். மழை? "அதே மாசம்தான் பெரியம்மா, சின்ன மழைக்காலம்." அதே மாதம், அதே தூறல். மேடையின் உயரம் ஒரு மூன்றடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தனைக்கும் இதில் நாம்தான் மூத்தவர்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி நட்டது 1820களில். கென்யாவுக்குப் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் காப்பி கொண்டுபோனது 1893இல்தான். எழுபது வருஷம் பிந்தி வந்தவர்களின் கொட்டையை நைரோபி ஏலத்தில் உலகமே போட்டி போட்டு வாங்குகிறது. சேர்வராயன் கொட்டையோ பெரும்பாலும் ஏதோ ஒரு கலவைக்குள் பெயரில்லாமல் கரைகிறது. இன்னொரு வேடிக்கை, அங்கே ஆபீஸில் எல்லாரும் பால் ஊற்றின டீதான் குடிக்கிறார்களாம். நல்ல கொட்டை கப்பலுக்கு, நமக்கு மிச்சம். இதையும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் நாங்கள் குடித்ததெல்லாம் முறத்தில் ஒதுக்கிய உடைசல்தான்.

சரி, வாங்கலாமா? கடுங்காப்பி குடிக்கத் தயாராக இருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் ஒரு பாக்கெட் சொல்லிவிடுங்கள். முழுக்கொட்டையாக, வறுத்த தேதி பார்த்து, மிதமான வறுவலாக. கறுக்க வறுத்தது என்றால் வேண்டவே வேண்டாம், அந்த நாவல்பழம் கருகிவிடும், அப்புறம் எந்த நாட்டுக் கொட்டையும் ஒன்றுதான். பொது மில்லில் கொடுக்காதீர்கள். சின்னக் கைமிஷின் போதும். பாக்கெட்டைப் பிரித்தால் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். நாலாவது வாரம் எங்கள் டப்பாவில் புளிப்பு மட்டும் மிச்சம், பழம் காணோம்.

தம்பிக்கு நாகலூரில் அரை ஏக்கர் காப்பி இருக்கிறது. வருகிற டிசம்பரில் பழமாகப் பொறுக்கி ஒரு சாக்கு எனக்குத் தனியாகக் கொடு என்று சொல்லியிருக்கிறேன். மொட்டை மாடியில் ஒரு பழைய இரும்புக் கட்டில் சும்மா கிடக்கிறது, அதன் மேல் கட்ட நைலான் வலை நாலு மீட்டர் வாங்கிவிட்டேன். புளிப்பு முடிந்ததா என்று தேய்த்துப் பார்க்க அம்மா இருக்கிறார். கட்டில் உயரம் போதாது, நாலு காலுக்கும் ஹாலோ பிளாக் வை என்கிறார்.